தாத்தாவுக்கு பார்க்கின்சன். புரதங்களின் வடிவத்தை எல்லாம் கொம்பியூட்டர் கண்டுபிடித்துவிட்டது என்கிறார்கள், பிறகு ஏன் இன்னும் மருந்து வரவில்லை?

கொட்டகலை_மாணவி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதிவிட்டு வெட்டுப்புள்ளி வரும்வரை வீட்டில் இருக்கிறேன். தாத்தாவுக்கு பார்க்கின்சன் நோய் என்று கண்டி கிளினிக்கில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். வலது கை நடுங்குகிறது, நடை குறுகிவிட்டது, பேசினால் குரல் எழும்புவதில்லை, முன்பு எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் மனுஷர் இப்போது சிரித்தாலும் முகத்தில் தெரிவதில்லை. அவருக்காகத்தான் இதைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கிறேன்.

வாசித்ததில் எனக்குப் புரியாத விஷயம் இது. பார்க்கின்சனில் மூளைக் கலங்களுக்குள் அல்பா சினூக்ளின் என்ற ஒரு புரதம் கட்டியாகச் சேருகிறது என்கிறார்கள். இன்னொரு பக்கம், 2024இல் இரசாயனவியல் நோபல் பரிசே புரதத்தின் வடிவத்தை கணினியால் கணித்ததற்குத்தான் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த பூட்டும் சாவியும் போல, பூட்டின் வடிவம் தெரிந்துவிட்டால் சாவி செய்வதில் என்ன கஷ்டம்? எங்கே இடிக்கிறது?

இரண்டாவது, தாத்தா தோட்டத்தில் பல வருஷம் புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலை செய்தவர். கிரமக்சோன்தான் அடித்தார்கள். அதனால்தான் இந்த நோய் வந்தது என்று மாமா அடித்துச் சொல்கிறார். அம்மா, வயசானால் வருவதுதான், யாரையும் குறை சொல்லாதே என்கிறார். விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைசியாக, இந்தத் துறையில் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆய்வுகூடம் ஒன்றும் இல்லாத இடத்தில் இருந்துகொண்டு இப்போதே எதையாவது தொடங்க முடியுமா?


பேராதனை_ஆய்வாளன் எழுதியது:

தங்கச்சி, முதல் கேள்விக்கு நான் வருகிறேன், புரதங்களின் பக்கம்தான் என் வேலையும். நீங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் இந்தத் துறையில் இருக்கிற பெரிய ஆட்களும் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

புரத வடிவத்தைக் கணிக்கிற அல்பாஃபோல்ட் என்ற கணினி நிரல் செய்தது உண்மையிலேயே பெரிய காரியம். அமினோ அமில வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு புரதம் எப்படி மடியும் என்று கணிக்கிற போட்டி ஒன்று 1994 முதல் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிறது. 2020இல் அல்பாஃபோல்ட் 2 அதில் மற்ற எல்லாரையும் வெகு தூரம் பின்னால் விட்டுவிட்டது. 2022 ஜூலையில் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்பு வடிவங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். நோபல் பரிசில் பாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் இருவருக்கும் இதற்காகக் கிடைத்தது, மற்றப் பாதி புதுப் புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு.

ஆனால் அந்த நிரல் எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று கேட்க வேண்டும். 1971 முதல் புரதத் தரவு வங்கியில் விஞ்ஞானிகள் பாடுபட்டுச் சேர்த்த வடிவங்களைப் பார்த்துத்தான். அவற்றில் பெரும்பாலானவை பளிங்காக்கி எக்ஸ் கதிர் பாய்ச்சி எடுத்தவை. பளிங்காக வேண்டுமென்றால் புரதம் ஒரே வடிவத்தில் அடங்கி இருக்க வேண்டும். அல்பா சினூக்ளின் அப்படி அடங்குகிற வகை இல்லை. 140 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம்தான் அது, கலத்துக்குள் சும்மா மிதக்கும்போது அதற்கு நிலையான வடிவமே கிடையாது, நொடிக்கு நொடி நெளிந்து மாறிக்கொண்டே இருக்கும். நரம்புக்கல முனையில் உள்ள சின்னஞ்சிறு பைகளின் மென்சவ்வில் போய் ஒட்டினால் அதன் முன்பாதி நீளமான சுருளாக மாறும். நோய் வந்த கலத்தில் அதுவே தட்டையாக மடிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நாராகிவிடுகிறது. அந்த நார்கள் சேர்ந்த கட்டிகளைத்தான் லூயி பொடி என்கிறார்கள்.

இப்போது அல்பாஃபோல்ட் தளத்தில் இந்தப் புரதத்தைத் தேடிப் பாருங்கள். முன்பகுதி நீளமான ஒரு சுருளாகவும், வால்பகுதி நம்பிக்கை குறைவு என்று காட்டுகிற நிறத்திலும் வரும். அந்தச் சுருள் மென்சவ்வில் ஒட்டியிருக்கும்போது உள்ள வடிவத்தை ஒத்தது. அதாவது புரதம் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும்போது இருக்கிற வடிவம். அந்தப் படத்தை நம்பி மருந்து செய்தால், கெட்டுப்போன புரதத்தை விட்டுவிட்டு நல்லதைத்தான் போய்ப் பிடிப்போம். நீங்கள் சொன்ன பூட்டும் சாவியும் இங்கே உதவாமல் போவது இதனால்தான்.

சரி, நாரின் வடிவத்தையே பார்த்துவிடலாமே என்றால், அதையும் பார்த்துவிட்டார்கள். கேம்பிரிட்ஜில் உள்ள மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தில், இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த மூளைகளிலிருந்து நார்களைப் பிரித்தெடுத்து, உறைய வைத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். 2020இல், இதே புரதம் கட்டியாகச் சேருகிற பல்தொகுதிச் சிதைவு என்ற இன்னொரு நோயில் உள்ள நார்களின் வடிவமும், 2022இல் பார்க்கின்சனில் உள்ள நாரின் வடிவமும் வெளிவந்தன. இரண்டும் வேறு வேறு மடிப்பு! புரதம் ஒன்றுதான், வரிசையும் ஒன்றுதான், ஆனால் நோய்க்கு நோய் மடிப்பு வேறாக இருக்கிறது. ஒரு வரிசைக்கு ஒரு வடிவம் என்று நாம் பாடத்தில் படித்தது இந்தப் புரதத்துக்குப் பொருந்தவில்லை. இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு இரவு தூக்கமே வரவில்லை, இன்றைக்கும் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்.

இப்படிப்பட்ட புரதங்களுக்குக் கணினியால் என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைய ஆராய்ச்சி. ஒரு வடிவத்தைத் தேடாமல், அது எடுக்கக்கூடிய வடிவங்களின் கூட்டத்தையே கணக்கிடுகிறார்கள். 2024இல் கோபன்ஹேகன் குழு ஒன்று, மனிதப் புரதங்களில் நிலையான வடிவம் இல்லாத 28,058 பகுதிகளுக்கு இப்படிக் கணக்கிட்டு வெளியிட்டது. அதே வருஷம் கேம்பிரிட்ஜில் மிக்கேலே வெந்துருஸ்கோலோவின் குழு வேறு வழியில் போனது. தனியாக மிதக்கிற புரதத்தைப் பிடிக்காமல், வளர்ந்த நாரின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களில் போய் உட்காரக்கூடிய சின்ன மூலக்கூறுகளை இயந்திரக் கற்றலால் தேடினார்கள். ஏன் மேற்பரப்பு என்றால், அங்கேதான் புது நார்களுக்குத் தொடக்கமாகிற விதைகள் முளைத்து நோய் பெருகுகிறது. கணினி சொன்னதை ஆய்வுகூடத்தில் சோதித்து, அந்த முடிவைத் திரும்பக் கணினிக்கே கொடுத்துக் கற்க வைத்து, மறுபடியும் தேட வைத்தார்கள். முதற்கட்டத் தேடல் பத்து மடங்கு வேகமாகவும் ஆயிரம் மடங்கு மலிவாகவும் முடிந்தது என்று அவர்களே சொல்கிறார்கள். 2025இல் பேக்கரின் குழு, நிலையான வடிவம் இல்லாத புரதங்களையும் இறுக்கிப் பிடிக்கிற புதுப் புரதங்களைக் கணினியில் வடிவமைத்துக் காட்டியது.

இது எல்லாமே ஆய்வுகூடத்துக்குள் நடந்தவை. அங்கிருந்து தாத்தாவின் மருந்துப் பெட்டி வரைக்கும் வர இடையில் இரண்டு பெரிய தடைகள். ஒன்று, குருதிக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பு, பெரும்பாலான மூலக்கூறுகளை அது உள்ளே விடாது. மற்றது காலம். கை நடுங்கத் தொடங்கும்போதே, உடம்பின் அசைவுக்குத் தேவையான டோபமீனைச் சுரக்கிற நரம்புக்கலங்களில் கணிசமான பங்கு போய்விடுகிறது. அல்பா சினூக்ளினைப் பிடிக்கிற இரண்டு பிறபொருளெதிரிகளை, பிரசினெசுமாப், சின்பனெமாப் என்று பெயர், ஆரம்பநிலை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது, எதிர்பார்த்த பலன் இரண்டிலும் கிடைக்கவில்லை. என் அபிப்பிராயம், மருந்தைக் கண்டுபிடிப்பதைவிட யாருக்கு எப்போது கொடுப்பது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இனிப் பெரிய வேலை. அதற்கும் வழி பிறந்திருக்கிறது. முள்ளந்தண்டு நீரில் ஒரு துளி எடுத்து, அதில் கெட்ட விதை இருக்கிறதா என்று பெருக்கிப் பார்க்கிற சோதனை வந்துவிட்டது. 2023இல் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் செய்து பார்த்ததில், பார்க்கின்சன் உள்ளவர்களில் 87.7 வீதமானோரிடம் அது காட்டிக்கொடுத்தது.


ஓய்வுபெற்ற_வெளிக்கள_உத்தியோகத்தர் எழுதியது:

மகள், இரண்டாவது கேள்வி என் மனதைத் தொட்டுவிட்டது. நான் டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் தோட்டங்களில் வேலை பார்த்தவன். கிரமக்சோன் என்பது பரகுவாட்டின் கடைப்பெயர். முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு, கையுறை இல்லாமல், வெறுங்காலோடு, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நிரையை முடித்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று அடித்தவர்கள் எத்தனையோ பேர். டேங்க் கசிந்து முதுகெல்லாம் நனைந்திருக்கும். அதே கையோடு தேத்தண்ணீர் குடிப்பார்கள், ரொட்டி சாப்பிடுவார்கள். முகமூடி என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

அரசாங்கம் பரகுவாட்டை 2008இல் தொடங்கிப் படிப்படியாக நிறுத்தி 2011இல் முழுவதுமாகத் தடை செய்தது. ஆனால் அதற்குக் காரணம் இந்த நோய் இல்லை, அதைக் குடித்து உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் தொகை. ஒரு மிடறு போனாலே காப்பாற்றுவது கஷ்டம். தடைக்குப் பிறகு அந்தச் சாவுகள் குறைந்தன, அது நாடே பெருமைப்பட வேண்டிய விஷயம். பிறகு கிளைபொசேட்டை 2015இல் தடை செய்தார்கள், தோட்டங்களில் புல் மண்டிப்போய் புல் வெட்டுகிற சொரண்டியைத் தூக்க ஆள் இல்லாமல் தவித்தோம், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். எந்தத் தொழிலாளி எத்தனை வருஷம் எந்த மருந்தை அடித்தார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. செக்ரோல் என்கிற வரவுப் பதிவேட்டில் ஆளின் பெயர் இருக்கும், அன்று வேலைக்கு வந்தது இருக்கும், என்ன மருந்து என்று இருக்காது. தாத்தாவுக்கு ஞாபகம் நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த டிவிஷன், எந்தக் காலம், என்ன மருந்து, பாதுகாப்பு ஏதும் கொடுத்தார்களா. கிளினிக்கில் டொக்டரிடமும் அதைக் கொடுங்கள்.


பேராதனை_ஆய்வாளன் எழுதியது:

ஐயா சொன்னதோடு சேர்த்து விஞ்ஞானப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது என்றால், 1982இல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள், கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்டு சில நாட்களிலேயே முற்றிய பார்க்கின்சன் நோயாளிகள் மாதிரி உறைந்துபோனார்கள். அந்தப் போதைப்பொருளில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற சேர்மானம்தான் காரணம் என்று நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டனின் குழு 1983இல் வெளியிட்டது. உடம்புக்குள் அது எம்.பி.பி.+ ஆக மாறி டோபமீன் கலங்களின் இழைமணியை நிறுத்திவிடுகிறது. அந்த எம்.பி.பி.+ இன் கட்டமைப்பை வரைந்து பார்த்தால் பரகுவாட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. அதைப் பார்த்ததும் ஆட்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் வேலை செய்கிற விதம் ஒன்றல்ல, பரகுவாட் கலத்துக்குள் ஒட்சிசன் மூலிகங்களை ஓயாமல் உண்டாக்கித்தான் கெடுக்கிறது. படம் ஒத்திருக்கிறது என்பதற்காக வினை ஒத்திருக்கும் என்று எடுக்கக் கூடாது.

மனிதர்களில் பார்த்ததற்கு வந்தால், அமெரிக்காவில் விவசாய மருந்து அடிப்பவர்களை நீண்டகாலமாகப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றில் இருந்து, பார்க்கின்சன் உள்ள 110 பேரையும் இல்லாத 358 பேரையும் ஒப்பிட்டு 2011இல் முடிவு வெளியிட்டார்கள். பரகுவாட் பயன்படுத்தியவர்களுக்கு நோய் வருகிற வாய்ப்பு ஏறத்தாழ 2.5 மடங்கு. ரொட்டெனோன் என்ற இன்னொரு மருந்துக்கும் அதே அளவு. இது தொடர்பு உண்டு என்று காட்டுகிறது, காரணம் இதுதான் என்று நிரூபிக்கவில்லை. பிறகு வந்த ஆய்வுகளில் சிலது ஒத்துப்போகின்றன, சிலது இல்லை. உற்பத்தி நிறுவனம் இன்றுவரை மறுக்கிறது, அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் வழக்குகள் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே மாமா சொல்வதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது. அம்மா சொல்வதும் தவறில்லை, இந்த நோய்க்கு மிகப் பெரிய காரணி வயசுதான். ஆனால் தாத்தா ஒருவரை எடுத்து, இவருக்கு இதனால்தான் வந்தது என்று எந்த விஞ்ஞானியாலும் சொல்ல முடியாது. எங்கள் மலைநாட்டில் அந்த டேங்க்கை முதுகில் சுமந்தவர்களையும் சுமக்காதவர்களையும் எடுத்து ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேண்டும். ஐயா சொன்ன அந்தக் குறிப்பு அதனால்தான் முக்கியம்.


பண்டாரவளை_தாதி எழுதியது:

தம்பி நல்லா விளக்கிட்டார், நான் இன்றைக்குத் தேவையானதைச் சொல்றேன்.

தாத்தாவுக்கு லெவோடோப்பா குளிசை கொடுத்திருப்பார்கள். அதுவும் ஒரு அமினோ அமிலம்தான். சாப்பாட்டில் உள்ள புரதம் உடைந்து வருகிற அமினோ அமிலங்களும் அதுவும் குடலிலும் மூளைத் தடுப்பிலும் ஒரே வழியால்தான் உள்ளே போக வேண்டும், போட்டி வந்துவிடும். அதனால் முட்டை, இறைச்சி, பால், பருப்பு கூடுதலாக உள்ள சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பாகக் குளிசையைக் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். குமட்டல் வந்தால் ஒரு பிஸ்கட்டோடு கொடுக்கலாம், கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். புரதத்தை நிறுத்திவிடாதீர்கள், ஏற்கெனவே எங்கள் ஆட்களின் சாப்பாட்டில் அது குறைவு. நேரம் தவறக்கூடாது, திடீரென்று நிறுத்தவே கூடாது.

இன்னொன்று, இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். வாந்திக்கு மெட்டோக்ளோப்ரமைட் என்று ஒரு மருந்து எல்லா இடத்திலும் கொடுப்பார்கள். அது டோபமீனைத் தடுக்கிற மருந்து, பார்க்கின்சனைக் கூட்டிவிடும். எந்த டிஸ்பென்சரிக்குப் போனாலும், எந்தப் பாமசிக்குப் போனாலும் முதல் வார்த்தையாக தாத்தாவுக்கு பார்க்கின்சன் என்று சொல்லுங்கள், ஒரு காகிதத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தாலும் நல்லது.

லயத்துப் படிகளில் மழைக்காலத்தில் கவனம், கைபிடி ஒன்று அடித்துவிடுங்கள். படுத்து எழும்பும்போது உட்கார்ந்து கொஞ்சம் பொறுத்து எழும்பச் சொல்லுங்கள், இரத்த அழுத்தம் இறங்கி விழுவார்கள். நடக்கட்டும், தினமும் நடக்கட்டும், அது மருந்துக்குச் சமம்.


கொட்டகலை_மாணவி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, நீங்கள் சொன்னபடி தாத்தாவிடம் கேட்டு எழுதத் தொடங்கிவிட்டேன், அவரும் சந்தோஷமாகச் சொல்கிறார். அக்கா, அந்த வாந்தி மருந்து வீட்டில் இருந்தது, எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன்.

அண்ணா, இரண்டு கேள்வி. அம்மாவுக்கும் மாமாவுக்கும் இது வருமா? அப்புறம், படிப்பைப் பற்றிக் கேட்டேனே.


பேராதனை_ஆய்வாளன் எழுதியது:

பெரும்பாலானவர்களுக்கு இது பரம்பரையாக வருவதில்லை. ஒரு சில குடும்பங்களில் மட்டும் வரும். 1997இல் இத்தாலியக் குடும்பம் ஒன்றில் அல்பா சினூக்ளினின் 53ஆவது அமினோ அமிலம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்துத்தான் இந்தப் புரதமே வெளிச்சத்துக்கு வந்தது. 2003இல் இன்னொரு குடும்பத்தில், பரம்பரையலகில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் அதன் பிரதிகள் கூடுதலாக இருந்தன, நல்ல புரதமே அளவுக்கு மிஞ்சிச் சுரந்து நோய் வந்தது. அந்தக் குடும்பங்களில் பலருக்கு, அதுவும் இளவயதிலேயே வரும். உங்கள் வீட்டில் தாத்தாவுக்கு மட்டும், அதுவும் வயதான பிறகு என்றால் அம்மா பயப்பட வேண்டிய அவசியமில்லை.

படிப்புக்கு, பேராதனையில் விஞ்ஞான பீடத்தில் மூலக்கூற்று உயிரியலுக்கும் உயிர்த்தொழில்நுட்பத்துக்கும் தனித் துறையே இருக்கிறது. கொழும்பில் உயிர் இரசாயனம், மூலக்கூற்று உயிரியலுக்கான நிறுவனம் பட்டப்பின்படிப்புக்கு இருக்கிறது. எந்தப் பாடத்துக்குப் போனாலும் புள்ளிவிபரவியலையும் பைதன் நிரலாக்கத்தையும் விடாதீர்கள். உயிரியல் படித்தவர்கள் கணக்கைக் கண்டு ஒதுங்குவதுதான் இந்தத் துறையில் நான் பார்க்கிற பெரிய இழப்பு.

ஆய்வுகூடம் இப்போதைக்குத் தேவையில்லை. யுனிப்ரொட் என்ற புரதத் தகவல் தளத்தில் பி37840 என்று ஆங்கிலத்தில் அடித்தால் அல்பா சினூக்ளினின் முழு வரிசையும் வரும். புரத வடிவங்களைத் திரையில் பார்க்கிற கைமரா எக்ஸ் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம், ஒரு தடவை இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாத நாளிலும் வேலை செய்யும். அல்பாஃபோல்ட் வடிவத்தையும், புரதத் தரவு வங்கியில் இருந்து 2022இன் பார்க்கின்சன் நாரையும் 2020இன் பல்தொகுதிச் சிதைவு நாரையும் இறக்கி ஒரே திரையில் வையுங்கள். 53ஆவது அமினோ அமிலத்தை மூன்றிலும் வேறு நிறத்தில் காட்டச் சொல்லி, அதைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.